ஏ.சி. இல்லாத மூன்று இரவுகள்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "ஓய்வும் இயற்கையும்". ஓய்வு பெற்றவன்தானே, ஓய்வைப் பற்றிப் பேச இவனுக்குத் தகுதி இருக்கும் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. பொதுப்பணித்துறையில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கட்டடம் கட்டியவனுக்கு ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது என்பது என் மனைவியின் கருத்து. எங்கே போய்த் தங்கினாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பேன், அப்புறம் கூரையைப் பார்ப்பேன், அப்புறம்தான் கட்டிலைப் பார்ப்பேன். ஆகையால் நான் தங்கிய ஒரு சிறு வீட்டைப் பற்றிச் சொல்லுகிறேன். தலைப்பு அதற்குள் அடங்கிவிடும் என்று நம்புகிறேன்.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நம் வளாகத்தில் முன்னாள் மாணவர்களுக்காக ஒரு விருந்தினர் இல்லம் கட்டுவது என்று இன்று பிற்பகல் பொதுக்குழுவில் தீர்மானம் வருகிறது. சுற்றறிக்கையோடு வரைபடமும் வந்ததே, பார்த்திருப்பீர்கள். நான்கு அறை, நான்கிலும் ஏ.சி., மேலே தட்டையான கான்கிரீட் கூரை, மேற்குப் பார்த்த முகப்பில் முழுக்கக் கண்ணாடி. பணம் போடப் போவது நாம். கட்டிய பிறகு மாதாமாதம் மின்சாரக் கட்டணம் கட்டப் போவதும் நாம்தான். கையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு பதினைந்து நிமிஷம் நான் சொல்வதைக் கேட்டுவிடுங்கள்.

போன வருஷம் மே மாதம், கத்திரி வெயிலின் நடுவில், நாங்கள் செட் நண்பர்கள் மூன்று பேரும் மனைவியருமாக ஆறு பேர் ஆரோவில் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் மூன்று இரவு தங்கினோம். "மே மாசத்துல பாண்டிச்சேரிப் பக்கம் போறவன் உண்டாடா? ஊட்டிக்குப் போகலாம்" என்று மெக்கானிக்கல் நண்பன் கடைசி வரை சண்டை போட்டான். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. அந்த ஒரு காரணத்தால் அவன் இறங்கி வந்தான். வாங்குவது பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் வரிசை, படிவம் என்றாலே அவனுக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே ஆகாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரியமுதலியார்சாவடிப் பக்கம் மேற்கே திரும்பி, குயிலாப்பாளையம் வழியாகப் போனால் செம்மண் ஆரம்பித்துவிடும். தார்ச்சாலை முடிந்து மண்பாதையில் இறங்கினதும் மரங்கள் இரண்டு பக்கமும் மூடிக்கொண்டன. காரின் கண்ணாடியை இறக்கியவுடன் வெளிக்காற்றே கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. காடு என்று சொன்னால் நம் மாணவர்கள் ஏதோ ஆதிகாலத்துக் காடு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. 1968 பிப்ரவரியில் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் ஏறக்குறைய மொட்டையாகக் கிடந்தது. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் செம்மண் கரைந்து ஓடைகளில் இறங்கிக் கடலில் போய்ச் சேரும். முதலில் வந்தவர்கள் செய்தது மண்கரை போட்டு மழைநீரை நிறுத்தியதுதான். பிறகு கத்திச்சவுக்கு மாதிரி வேகமாக வளரும் மரங்களை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். அந்த நிழலில்தான் இந்த மண்ணுக்கே உரிய கருங்காலி, உலக்கைப் பாலை, வெப்பாலை, நாவல் எல்லாம் மெள்ள எழுந்தன. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது ஏராளமான மரங்கள் சாய்ந்தன. மறுபடி நட்டார்கள். அங்கேயும் எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். 2021 டிசம்பரில் சாலை போடுவதற்காக மரம் வெட்டப் போய், அந்த வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்தைத் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஐம்பது வருஷத்தில் மனிதர்களே வளர்த்த காடு அது. அதற்கான சண்டையையும் மனிதர்கள்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

விடுதி என்றேன். பெரிய கட்டடம் ஏதுமில்லை. மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி ஐந்தாறு சிறு வீடுகள். எங்களுக்கு மூன்று கொடுத்தார்கள். வெளியில் பூச்சு இல்லாத சுவர், தரையில் கிடக்கும் செம்மண்ணின் அதே நிறம். மேலே வளைவுக் கூரை. முன்னால் திண்ணை போல ஒரு தாழ்வாரம். ரெட் ஆக்ஸைடு தரை. குளியலறைக்குப் பாதிதான் கூரை, மீதிப் பாதிக்கு ஆகாசம். இதைப் பார்த்து என் மனைவி முதலில் தயங்கினாள். இரண்டாம் நாள், "நம்ம வீட்லயும் இந்த மாதிரி வெக்கலாமா?" என்றாள்.

நண்பன் அறைக்குள் போனவுடன் கேட்ட முதல் கேள்வி, "டேய், ஏ.சி. ரிமோட் எங்கடா வச்சிருக்காங்க?"

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். "ஏ.சி. இல்லீங்க சார். காத்து வரும். ஜன்னலை மட்டும் நான் சொல்ற நேரத்துக்குத் திறந்து, சொல்ற நேரத்துக்கு மூடிடுங்க, போதும்" என்றார். காலை எட்டு மணிக்கு எல்லா ஜன்னலையும் சாத்த வேண்டும். மத்தியானம் கடல்காற்று எழும்பியதும் கிழக்கு ஜன்னலும் அதற்கு எதிரே மேலே இருக்கும் சின்னத் திறப்பும். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் இயக்கும் முறை. மாணவர்களே, "இரவுக் காற்றோட்டம்" என்று உங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கும், தேர்வுக்கு முக்கியமில்லை என்று தாண்டிப் போயிருப்பீர்கள். அந்தப் பத்தியை அந்த அம்மாள் ஒரு நிமிஷத்தில் நடத்திவிட்டார்.

அது எப்படி வேலை செய்கிறது என்றால், கனமான மண் சுவர் வெயிலைச் சட்டென்று உள்ளே விடாது. வெளிப்புறத்தில் பட்ட சூடு உள்பக்கம் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரவுக் காற்று உள்ளே புகுந்து சுவரைக் குளிரவைத்துவிட்டால், மறுநாள் பகலுக்கு அந்தக் குளிர்ச்சிதான் கையிருப்பு. பகல் இரண்டு மணிக்குத் தாழ்வாரத்தில் வெளிச்சுவரில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. உள்ளே வந்து அதே சுவரில் கை வைத்தேன், பானைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி இருந்தது. இதற்கு நேர்மாறு நம் ஊர் தட்டைக் கான்கிரீட் கூரை. மத்தியான வெயில் முழுவதையும் தலைக்கு மேலேயே வாங்கிக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணி வரை நம் மேல் இறக்கிக்கொண்டிருக்கும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கடலோரத்து ஈரக்காற்றை மண் சுவரால் ஒன்றும் செய்ய முடியாது. மாலை ஆறு மணியிலிருந்து எட்டு, எட்டரை வரை உள்ளே புழுக்கம்தான். அந்த நேரத்தில் அறைக்குள் இருக்கவே கூடாது. அதற்குத்தான் தாழ்வாரம். கொசுவலை இல்லாமல் படுக்க முடியாது. வாடகையும் குறைச்சல் இல்லை. எளிமைக்கு இவ்வளவு விலையா என்று எலக்ட்ரிக்கல் நண்பர் இரண்டு தரம் கேட்டார், நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்த மாலை நேரத் தாழ்வாரம் இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும். அறைக்குள் குளிர்சாதனம் இருந்திருந்தால் நாங்கள் ஆறு பேரும் மூன்று அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி பார்த்திருப்போம். புழுக்கம் எங்களை வெளியே தள்ளியது. இருட்டும் வரை தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு புதருக்குப் புதர் தாவின. செம்போத்து எங்கேயோ ஆழத்திலிருந்து கூவியது. இருட்டிய பிறகு பக்கி ஒன்று கல்லை உருட்டி விட்டாற்போல ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பியது. அது பறவை என்றே நண்பன் நம்பவில்லை, "ஏதோ மோட்டார்ல பேரிங் போச்சு" என்றான். மெக்கானிக்கல்காரன் புத்தி. அப்புறம் பேச்சு ஹாஸ்டலுக்குப் போயிற்று, மெஸ் சாம்பாருக்குப் போயிற்று, 1983-ல் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எந்த ரேடியோவில் கேட்டோம் என்பதற்குப் போயிற்று. நாற்பது வருஷமாக ஒருவரையொருவர் கல்யாண வரவேற்பு வரிசையில் பார்த்து, கைகுலுக்கிவிட்டுச் சாப்பிடப் போனவர்கள் நாங்கள். அவன் தம்பி இறந்துபோன விவரமே எனக்கு அன்று இரவுதான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. "போன்ல சொல்ற விஷயமாடா அது?" என்றான்.

அவனுக்குத் தூக்கம் வருவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் ராத்திரி மூன்று மணி வரை தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் நாள் பன்னிரண்டு. மூன்றாம் நாள் பத்தரைக்கு அவன் மனைவி வந்து எங்களிடம் சைகையில் காட்டினார்கள், நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். மண் சுவர் தூக்கமின்மையைக் குணப்படுத்தும் என்று நான் சொல்ல வரவில்லை. இருட்டு இருட்டாக இருந்தது, சத்தம் இல்லை, போன் சரியாக எடுக்கவில்லை, பகலில் நடந்தோம். அதற்கு மேல் எனக்குக் காரணம் தெரியாது.

சாப்பாடு எளிமை. காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது இட்லி, மத்தியானம் சாமைச் சோறு, முருங்கைக்கீரை, மோர். ஒரு நாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நம்மில் பல பேர் பாண்டிச்சேரி போகிற அவசரத்தில் நூறு தடவை தாண்டிப் போயிருப்போம். சாமிக்குப் பயந்து யாரும் கிளை ஒடிக்காததால் பிழைத்த காடு. ஆரோவிலில் நட்டு வளர்க்கப் பார்க்கும் அந்தப் பழைய கடலோரக் காட்டுக்கு அசல் எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அங்கே போய் நின்று பார்க்க வேண்டும். மே மாதம் பதினோரு மணிக்கு உள்ளே வெயில் தரையில் விழவில்லை.

இனி சிவில் மாணவர்களுக்குக் கொஞ்சம். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சுவரின் கல் சூளையில் சுட்டதில்லை. அந்த இடத்து மண்ணையே சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து, கொஞ்சமாக ஈரப்படுத்தி, கையால் இயக்கும் அழுத்து இயந்திரத்தில் போட்டு அமுக்கி எடுப்பது. நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்தால் கல் தயார். 1989-இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டடக் கழகம் இந்த முறையை வளர்த்து, உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. இது ஏதோ ஆசிரமத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம், இதற்கு இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது, ஐ.எஸ். 1725. சுடாத கல் என்பதால் விறகும் நிலக்கரியும் மிச்சம். மண்ணைத் தோண்டிய குழி வீணாகாது, அதையே மழைநீர்த் தொட்டியாக்கிவிடுகிறார்கள்.

வளைவுக் கூரைக்குக் கம்பி கிடையாது. வளைவில் எந்த இடத்திலும் இழுவிசை வராதபடி வடிவத்தைத் தேர்ந்தால், எல்லாக் கல்லும் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டு நிற்கும். மதுரையில் 1636-இல் கட்டி முடித்த திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்திருப்பீர்களே, செங்கல்லும் சுண்ணாம்பும்தான், இரும்பு உத்தரம் கிடையாது. ஆனால் வளைவு பக்கவாட்டில் சுவரைத் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடிமனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றிலும் கட்டு பெல்ட் வேண்டும். மழை மண் சுவரை அறையாதபடி கூரை வெளியே நீள வேண்டும், அடித்தளம் தரைக்கு மேல் நன்றாக உயர வேண்டும். இதெல்லாம் தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டம். நம் ஊர் மேஸ்திரிகளிடம், "சென்ட்ரிங் போடாமல் கூரையா?" என்று சிரிப்பு வாங்காமல் பேச்சைத் தொடங்க முடியாது.

லாரி பேக்கரைத் தெரியாமல் யாரும் இந்தத் துறையை விட்டு வெளியேறக் கூடாது. 1917-இல் இங்கிலாந்தில் பிறந்தவர், 1945-இல் இந்தியாவுக்கு வந்து இந்தியராகவே ஆகி, 2007-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். வீடு கட்டத் தேவையான பொருளெல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னது தம்மை மாற்றியதாக அவர் சொல்லுவார். செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி நடுவில் காலி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டை அவர் கேரளம் முழுக்கப் பரப்பினார். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், நடுவில் நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். கான்கிரீட் ஸ்லாபின் கீழ்ப்பாதியில் கான்கிரீட் இழுவிசையைத் தாங்குவதில்லை, கம்பிதான் தாங்குகிறது, அப்புறம் எதற்கு அவ்வளவு சிமெண்ட் என்று கேட்டு, அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்பினார். மூன்றாம் ஆண்டு ஸ்ட்ரக்சுரல் வகுப்பில் நாம் படித்ததும் அதேதான். நாம் அதைத் தேர்வில் எழுதினோம், அவர் கூரையில் செய்தார். அவர் கட்டடங்களில் செலவின் பெரும்பங்கு ஆலைக்குப் போகாமல் வேலை செய்த கைகளுக்குப் போயிற்று என்பதும் கவனிக்க வேண்டியது.

மூன்றாம் நாள் காலையில், எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, நான் விடுதியின் பின்பக்கம் போனேன். "ஆரம்பிச்சுட்டாரு" என்று மனைவி சொன்னது காதில் விழுந்தது. எந்த விடுதிக்கும் இரண்டு முகம் உண்டு. முன்பக்கம் விளம்பரப் படத்தில் வரும். பின்பக்கம் போனால்தான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியும். இங்கே கழிவுநீர் முதலில் ஒரு தொட்டியில் தங்கித் தெளிகிறது, பிறகு தடுப்புகள் வைத்த மூடிய தொட்டிகளில் மேலும் கீழுமாக ஏறியிறங்கி, கடைசியில் சரளை நிரப்பிய பாத்தி வழியாக மெதுவாகக் கசிந்து போகிறது. அந்தப் பாத்தியில் கல்வாழை பூத்துக் கிடந்தது. மோட்டார் கிடையாது. பாத்தி முடிவில் நின்று முகர்ந்து பார்த்தேன், நாற்றம் இல்லை. வெளிவரும் தண்ணீர் மரங்களுக்குப் போகிறது.

அதற்குச் சில வருஷம் முன்னால் ஒரு மலைப்பிரதேசத்தில், பெயரிலேயே "ஈகோ" என்று இருந்த ஒரு ரிசார்ட்டில் தங்க நேர்ந்தது. பெயர் வேண்டாம். சாதாரணக் கான்கிரீட் சுவரின் மேல் மூங்கில் பிளாச்சுகளை ஒட்டியிருந்தார்கள். குளியலறையில் ஒரு அட்டை: துண்டைத் தினமும் மாற்றாமல் பூமியைக் காப்பாற்றுங்கள் என்று. சரி, துண்டை மாற்றவில்லை. காலையில் நடக்கப் போனால், ரிசார்ட்டின் பின்புறத்திலிருந்து ஒரு குழாய் நேராக ஓடையில் இறங்குகிறது. கீழே இருந்த குடியிருப்பு அந்த ஓடைத் தண்ணீரில்தான் துணி துவைத்தது. மேலாளரிடம் கேட்டேன். "அது மழைத்தண்ணி சார்" என்றார். அன்று மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

குழாய் மட்டும்தான் என்றால் மாற்றிவிடலாம். இடமே தப்பாக இருந்தால்? நீலகிரியில் முதுமலைக்குக் கிழக்கே சீகூர் பீடபூமி. மசினகுடி, மாவனல்லா, பொக்காபுரம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கு மலைகளுக்கும் இடையே யானைகள் போய்வரும் குறுகலான வழி அது. அந்த வழியில் ரிசார்ட்டுகள் வந்தன, வேலி வந்தது, சில இடங்களில் மின்வேலியும் வந்தது. 2010-இல் தமிழக அரசு அதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் பல ரிசார்ட்டுகளை மூடி முத்திரையிடச் சொன்னது. 2020 அக்டோபரில் வழித்தடம் செல்லும் என்று உறுதிசெய்தது. அதற்கு மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மாவனல்லாவில் ஒரு விடுதிப் பக்கம் வந்த ஆண் யானையின் மேல் எரியும் பொருளை எறிந்தார்கள். காது எரிந்தபடி அது காட்டுக்குள் ஓடுவதை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். அது பிழைக்கவில்லை. மண் கல்லில் கட்டியிருந்தாலும், கூரை முழுக்க சோலார் தகடு போட்டிருந்தாலும், யானை நடக்கிற வழியில் கட்டிய காட்டேஜை எந்த அர்த்தத்தில் இயற்கையோடு இசைந்தது என்று சொல்லுவது?

தண்ணீருக்கும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஐ.எஸ். 1172 ஹோட்டலுக்கு ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்று கணக்கு வைக்கச் சொல்கிறது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து மனிதருக்கு வைத்த இலக்கு 55 லிட்டர். ஒரே போர்வெல் நீர்மட்டத்திலிருந்துதான் இருவரும் எடுக்கிறார்கள். ரிசார்ட்டில் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழத்தில் ஒரு நீச்சல்குளம் வைத்தால் 60,000 லிட்டர். ஆயிரத்துக்கு மேற்பட்ட பேருக்கு ஒரு நாள் தண்ணீர். கோடையில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் கூட 250 லிட்டர் போய்விடும். நாலைந்து பேருடைய பங்கு, தினமும், யாரும் குளிக்காமலே.

இப்போது நம் விருந்தினர் இல்லத்துக்கு வருகிறேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

சுற்றறிக்கையில் உள்ள வரைபடத்தைக் குறை சொல்ல எழுந்திருக்கவில்லை. போட்டுக் கொடுத்தவர் இலவசமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார், அவருக்கு நன்றி. ஆனால் மேற்கே கண்ணாடி வைத்துவிட்டு அந்த வெயிலை வெளியேற்ற ஏ.சி. வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்ளுகிற வேலை. ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு எட்டு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வருகிற மின்விசிறி 30 வாட், எட்டு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்தான். முப்பது மடங்கு வித்தியாசம். வயதானவர்கள் வருவார்கள், ஏ.சி. இல்லாமல் முடியாது என்று சிலர் சொல்லலாம். சரி, ஓர் அறைக்கு வையுங்கள், நான் மறுக்கவில்லை. நானும் அந்த வயதானவர்களில் ஒருவன்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. தீர்மானத்தை மூன்று மாதம் தள்ளி வையுங்கள். முதலில் ஒரே ஓர் அறை, தாழ்வாரத்தோடு, வளாகத்து மண்ணிலேயே அழுத்திய கல்லில், சிவில் இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்டாகக் கட்டிப் பார்க்கலாம். ஆழ்வார்கள் மாதிரி பன்னிரண்டு பேர் போதும். எலக்ட்ரிக்கல் மாணவர்கள் உள்ளேயும் வெளியேயும் வெப்பமானி வைத்து ஒரு கோடை முழுக்கக் குறித்து வைக்கட்டும். கல் அமுக்கிக் காட்ட ஆள் கூட்டி வருவது என் பொறுப்பு. செலவில் முதல் பங்கு எங்கள் 1984 செட்டுடையது, நேற்று இரவு ஹாஸ்டல் மாடியில் பேசி முடிவு செய்துவிட்டோம். பரிசோதனைக் கூடத்தில் கல்லை உடைத்துப் பார்த்து, பலம் போதாது என்று வந்தால், சுற்றறிக்கை வரைபடத்துக்கு நானே கையைத் தூக்குகிறேன்.

ஒரு வேலை ஏற்கனவே ஆரம்பமாகிவிட்டது. நேற்று மாலை வந்தவுடன் ஹாஸ்டல் பின்புறம், விளையாட்டு மைதானம், பணிமனைக்குப் பக்கம், புதுக் கிணறு தோண்டிய இடம் என்று நாலு இடத்தில் மேல்மண்ணை நீக்கிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சம் மண் எடுத்தேன். காவலாளி என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். நாலு கண்ணாடி பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, இரவு முழுக்கத் தெளிய விட்டிருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் மேஜை மேல் இருக்கிறது. கீழே சரளையும் மணலும், நடுவில் வண்டல், மேலே களி என்று பட்டை பட்டையாகப் படிந்திருக்கும். சிமெண்ட் கலந்து அமுக்க நூற்றுக்கு 15 சரளை, 50 மணல், 15 வண்டல், 20 களி என்ற கலவை நல்லது. பக்கத்தில் ஸ்கேலும் தாளும் வைத்திருக்கிறேன். மாணவர்கள் அளந்து எழுதுங்கள், பாட்டிலை மட்டும் யாரும் ஆட்டிவிடாதீர்கள். நான் பார்த்த வரையில் கிணற்று மண் ஏறக்குறைய அந்த அளவுக்கு வருகிறது. மைதானத்து மண்ணில் களி அதிகம், மணல் சேர்க்க வேண்டியிருக்கும்.